சிஸ்எம்எல் தேர்வுக்குத் தாளும் பென்சிலும்

சிஸ்எம்எல் என்ற வரைபட மொழிக்கான ஓசிஎஸ்எம்பி சான்றிதழ் தேர்வுக்கு 'டம்ப்ஸ்', அதாவது தேர்விலிருந்து கசிந்த வினா-விடைத் தொகுப்பு, கிடைக்குமா என்று கேட்டு உள்பெட்டிக்கு வரும் செய்திகள் நின்றபாடில்லை. கேட்பவர்கள் பெரும்பாலும் வாகனத் துறையிலோ விமானத் துறையிலோ வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் ஆன தம்பி தங்கைகள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே எழுதுவதைவிடப் பொதுவில் சொல்லிவிடுகிறேன். என்னிடம் இல்லை. இருந்தாலும் தரமாட்டேன். தேர்வில் பார்த்த கேள்விகளை வெளியில் சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்டுதான் எல்லாரும் தேர்வு எழுதுகிறோம். அந்த வாக்கை மீறி ஒருவர் விற்பதை இன்னொருவர் காசு கொடுத்து வாங்குவது தவறு, அவ்வளவுதான்.

ஆனால் எனக்குக் கோபம் வருவதற்குக் காரணம் இன்னும் பெரியது. பல தேர்வுகளில் படிப்பது ஒன்று, பிறகு செய்யும் வேலை வேறொன்று. அங்கே குறுக்கு வழியில் போனவர்களை நான் பெரிதாகக் குறை சொல்வதில்லை. இந்தத் தேர்வு அப்படிப்பட்டதல்ல. இது எந்த இடத்தில் உங்களைத் தடுக்கி விழவைக்கப் பார்க்கிறதோ, அதே இடத்தில்தான் நாளை உங்கள் வடிவமைப்பும் தடுக்கி விழும்.

இத்துறைக்குப் புதியவர்களுக்காகச் சுருக்கமாக: ஒரு காரின் பிரேக் அமைப்பையோ செயற்கைக்கோளையோ வடிவமைக்கும்போது தேவைகள் ஒரு கோப்பில், வரைபடங்கள் இன்னொன்றில், கணக்குகள் எக்செல்லில் என்று சிதறிக் கிடக்கும். ஒன்றை மாற்றினால் மற்றவை பழையபடியே நிற்கும். இவை எல்லாவற்றையும் ஒரே மாதிரிக்குள் (மாடலுக்குள்) இணைத்து வைப்பதுதான் எம்பிஎஸ்இ, அதாவது மாதிரி சார்ந்த அமைப்புப் பொறியியல். அதற்காக தரநிலைகளை வகுக்கும் ஓஎம்ஜி என்ற அமைப்பு உருவாக்கிய வரைபட மொழி சிஸ்எம்எல். அதன் முதல் பதிப்பு 2007இல் வெளியானது. மொழியில் உங்கள் தேர்ச்சியை ஓசிஎஸ்எம்பி நான்கு படிகளாகச் சோதிக்கிறது. முதல் படியான மாடல் யூசரில் மாதிரியைப் படிக்கத் தெரிந்தால் போதும். அடுத்து வரும் மாடல் பில்டர் மூன்று படிகளிலும் கட்டத் தெரிய வேண்டும். இதை அமைப்புப் பொறியாளர்களின் பன்னாட்டு அமைப்பான இன்கோஸி தரும் ஏஎஸ்இபி, சிஎஸ்இபி சான்றிதழ்களோடு பலர் குழப்பிக்கொள்கிறார்கள். அவை அமைப்புப் பொறியியல் முழுமைக்குமானவை, இது மொழிக்கானது.

மொழி என்றால் சின்னங்களை நினைவில் வைத்துக்கொள்வது என்று நினைக்கிறார்கள். கறுப்பு வைரம் வந்தால் பகுதி, வெற்று முக்கோணம் வந்தால் பொதுமையாக்கம் என்று அட்டை எழுதி வைத்துப் படிக்கிறார்கள். அது வேண்டியதுதான், சில நாட்களில் முடிந்துவிடும். உண்மையான கடினம் சின்னங்களுக்குப் பின்னால் இருக்கும் விதிகளில் இருக்கிறது.

நம் ஊர் வீடுகளில் எல்லாருக்கும் தெரிந்த ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். கீழே சம்ப், மேலே தொட்டி, நடுவே மோட்டார், தொட்டி நிறைந்தால் நிறுத்தும் தானியங்கிக் கட்டுப்பாட்டுப் பெட்டி. இதற்கு ஒரு செயல்பாட்டு வரைபடம் போடச் சொன்னால், பத்தில் எட்டுப் பேர் இப்படித்தான் போடுவார்கள்: தொடக்கப் புள்ளி, அதிலிருந்து 'நீர்மட்டம் பார்' என்ற செயல், பிறகு எந்த வழியில் போவது என்று முடிவெடுக்கும் ஒரு கணு. நிறைந்துவிட்டதா, மோட்டாரை நிறுத்து. நிறையவில்லையா, ஓர் அம்பு வளைந்து மறுபடி 'நீர்மட்டம் பார்' செயலுக்கே வந்து சேரும். பார்ப்பதற்கு எந்தக் குறையும் தெரியாது.

இந்த வரைபடம் ஓடவே ஓடாது. சிஸ்எம்எல்லின் முதல் தலைமுறையில் ஒரு செயலுக்குள் இரண்டு கட்டுப்பாட்டு அம்புகள் வந்தால், இரண்டிலும் டோக்கன் (ஓட்டம் எங்கே வந்து நிற்கிறது என்பதைக் காட்டும் கற்பனை வில்லை) வந்த பிறகுதான் அந்தச் செயல் தொடங்கும். தொடக்கப் புள்ளியிலிருந்து ஒரு டோக்கன் வந்து நிற்கிறது. இன்னொன்று வளைந்து வரும் அம்பில் வர வேண்டும். அது வர வேண்டுமானால் செயல் ஒருமுறையாவது முடிந்திருக்க வேண்டும். செயலோ அந்த இரண்டாவது டோக்கனுக்காகக் காத்திருக்கிறது. முடிந்தது கதை. அந்த இரண்டு அம்புகளும் சேரும் இடத்தில், செயலுக்கு முன்னால், ஒரு மெர்ஜ் கணுவை வைத்துவிட்டால் எந்த வழியில் டோக்கன் வந்தாலும் உள்ளே போகும். சின்ன வைர வடிவம் ஒன்று இல்லாததால் மொத்தமும் உறைந்து நிற்கிறது.

டம்ப்ஸில் இதற்கான விடை 'சி' என்று இருக்கும். அதை மனப்பாடம் செய்தவர் தேர்வில் மதிப்பெண் வாங்கிவிடுவார். மறுநாள் அலுவலகத்தில் அதே பிழையோடு வரைபடம் போடுவார். அந்த வரைபடத்தை நம்பி இன்னொருவர் மென்பொருள் எழுதுவார். அந்த மென்பொருள் ஒருவேளை பிரேக்கில் இருக்கும். எனக்கு இது சிறிய விஷயமாகத் தெரியவில்லை.

அமைப்பு எந்தெந்த நிலைகளில் இருக்கும் என்று காட்டும் ஸ்டேட் மெஷினும் இப்படித்தான். கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு 'ஓய்வு', 'ஓட்டம்', 'மின்னழுத்தம் குறைவு' என்று மூன்று நிலைகள் வைத்துக்கொள்ளுங்கள். மின்னழுத்தம் சரியாவதற்காகப் பெட்டி காத்திருக்கும் நேரத்தில் யாரோ சம்பில் வாளி போட்டு நீரை இறைத்துவிடுகிறார்கள். 'சம்ப் காலி' என்ற சமிக்ஞை வருகிறது. அந்த நிலையில் அந்தச் சமிக்ஞைக்கு நீங்கள் எந்த வழியும் வரையவில்லை என்றால், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அது வரிசையில் நிற்காது, தூக்கி எறியப்படும். மின்னழுத்தம் சரியானதும் மோட்டார் நீரில்லாமல் ஓடி, அதன் கம்பிச்சுருள் கருகும். தள்ளிவைக்கப்பட வேண்டிய நிகழ்வு என்று வெளிப்படையாக எழுதினால்தான் அது காத்திருக்கும். இந்த ஒரு விதியை உணர்ந்து படித்தவருக்குத் தேர்வில் இதைச் சுற்றி எப்படித் திருப்பித் திருப்பிக் கேட்டாலும் பயமில்லை.

அம்புகளின் திசைதான் பலரையும் அழவைக்கிறது. ஒரு தேவையை நிறைவேற்றுவது எது என்று காட்டும் சேட்டிஸ்ஃபை அம்பு, பிளாக்கிலிருந்து (அமைப்பின் உறுப்பைக் குறிக்கும் பெட்டியிலிருந்து) தேவைக்குப் போகிறதா, தேவையிலிருந்து பிளாக்குக்கு வருகிறதா? ஒரு தேவையிலிருந்து இன்னொன்று பிறப்பதைக் காட்டும் டெரைவ் அம்பு மூலத் தேவையிலிருந்து கிளம்புகிறதா, அதை நோக்கிப் போகிறதா? யூஸ் கேஸ் (பயன்பாட்டு) வரைபடத்தில் வரும் இன்குளூடுக்கும் எக்ஸ்டெண்டுக்கும் ஏன் எதிர் எதிர்த் திசை? பட்டியல் போட்டு உருப்போட வேண்டாம். இவற்றுக்கெல்லாம் அடியில் ஒரே ஒரு கேள்வி இருக்கிறது: யார் யாரைச் சார்ந்து நிற்கிறார்கள்? சார்ந்து நிற்பவரிடம் அம்பின் வால், சாரப்படுபவரிடம் தலை. தேவை மாறினால் தொட்டியில் நீர்மட்டத்தை உணரும் மிதவை சுவிட்ச் மாற வேண்டியிருக்கும், ஆகவே அம்பு சுவிட்சில் கிளம்பித் தேவையைத் தொடுகிறது. மூலத் தேவை மாறினால் அதிலிருந்து பிறந்த தேவை மாறும், ஆகவே பிறந்தது மூலத்தைப் பார்க்கிறது. சோதனையும் தான் சரிபார்க்கும் தேவையைப் பார்க்கிறது. இன்குளூடில் அடிப்படை யூஸ் கேஸ் உள்ளடங்கியதை நம்பி நிற்கிறது. எக்ஸ்டெண்டில் நீட்டிப்புதான் அடிப்படையை நம்பி நிற்கிறது. இதைப் புரிந்துகொண்ட பிறகு எனக்குத் திசை மறந்ததே இல்லை.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். வரைபடம் வேறு, மாதிரி வேறு. வரைபடம் மாதிரியைப் பார்க்கும் ஒரு சன்னல்தான். ஒரு பிளாக் வரைபடத்தில் பம்புக்குப் பகுதிகள் எதுவும் காட்டப்படவில்லை என்றால், பம்புக்குப் பகுதிகளே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. வரைந்தவர் அங்கே காட்டவில்லை, அவ்வளவுதான். தேர்வில் 'இந்த வரைபடத்திலிருந்து என்ன முடிவுக்கு வரலாம்' என்பது போன்ற கேள்விகளை எதிர்கொள்ளும்போது இந்த ஓர் எண்ணம் கையில் இருந்தால் தவறான விடைகள் தாமாகவே உதிரும். கூட்டங்களில் 'அது படத்திலேயே இல்லையே' என்று சண்டை போடும் பெரியவர்களும் இதைப் படித்தால் நல்லது.

அளவுகளுக்கு வருவோம். ஆயிரம் லிட்டர் தொட்டி, நிமிடத்துக்கு 20 லிட்டர் ஏற்றும் மோட்டார், தொட்டி நிரம்ப 50 நிமிடம். இதைச் சமன்பாடுகளைக் காட்டும் பாராமெட்ரிக் வரைபடத்தில் போடும்போது கொள்ளளவு, வேகம், நேரம் ஆகிய மூன்றில் எந்த இரண்டு தெரிந்தாலும் மூன்றாவதைக் கண்டுபிடிக்கலாம். சமன்பாட்டுக்கு உள்ளீடு, வெளியீடு என்ற திசை கிடையாது. ஒவ்வொரு மதிப்புக்கும் அலகு எழுத இடம் தருகிறது மொழி. மாணவர்கள் இதைச் சம்பிரதாயமாக நினைத்துத் தாண்டிப் போகிறார்கள். நம் கடைகளில் மோட்டாரை எச்பி கணக்கில் விற்கிறார்கள், மின் கட்டணமோ கிலோவாட்-மணி கணக்கில் வருகிறது. ஓர் எச்பி ஏறத்தாழ 746 வாட். வீட்டில் இதைக் குழப்பினால் கட்டணக் கணக்கு பிசகும், அவ்வளவோடு போகும். 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் செவ்வாயை அடைந்தபோது தொலைந்தே போனது. தரைக் கட்டுப்பாட்டு மென்பொருள் ஒன்று உந்துதலைப் பவுண்டு விசை-வினாடியில் தந்தது. அதை வாங்கிக்கொண்ட பக்கம் நியூட்டன்-வினாடி என்று எடுத்துக்கொண்டது. இரண்டுக்கும் இடையே நாலரை மடங்கு வித்தியாசம். மதிப்பின் வகையை வரையறுக்கும் வேல்யூ டைப்பில் அலகை எழுதும் பழக்கத்தை ஒரு மதிப்பெண்ணுக்கான விஷயமாக என்னால் பார்க்க முடியவில்லை.

எப்படிப் படிப்பது என்று கேட்கிறீர்கள். மேலே சொன்ன தண்ணீர்த் தொட்டி அமைப்பை எடுத்து, சிஸ்எம்எல்லின் ஒன்பது வகை வரைபடங்களையும் அதற்கே போடுங்கள். கணினியில் வேண்டாம், தாளில் போடுங்கள். விலை உயர்ந்த மாடலிங் கருவிகள் உங்களுக்குப் பதிலாக நிறைய யோசிக்கின்றன. தவறான இணைப்பைப் போட விடாமல் தடுக்கின்றன, வரைபடத்தைச் சுற்றிய சட்டகத்தின் தலைப்பைத் தாமே எழுதிக்கொள்கின்றன. தாள் எதையும் தடுக்காது. தவறாகப் போட்டால் தவறாகவே நிற்கும், நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். தேர்விலும் அதே நிலைமைதான். போட்டு முடித்ததும் ஓஎம்ஜி இலவசமாகத் தரும் வரையறை ஆவணத்தைத் திறந்து ஒவ்வொரு கோட்டையும் ஒப்பிடுங்கள். வறண்ட வாசிப்புதான், ஒத்துக்கொள்கிறேன். வேறு எங்கும் இவ்வளவு உறுதியான விடை கிடைக்காது. கருவி வேண்டும் என்கிறவர்களுக்கு எக்ளிப்ஸ் பாப்பிரஸ் இலவசமாக இருக்கிறது. கேப்பெல்லாவும் இலவசம், நல்ல கருவி. ஆனால் அது ஆர்கேடியா என்ற வேறொரு வடிவமைப்பு முறையைப் பின்பற்றுவது, அதில் பழகிவிட்டு இந்தத் தேர்வுக்குப் போனால் குறியீடுகள் குழப்பும்.

போட்ட படத்தைத் துறை தெரியாத ஒருவரிடம் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். வாக்கியம் தடுமாறும் இடத்தில்தான் உங்களுக்குப் புரியாதது இருக்கிறது. ஆங்கிலத்தில் நாமும் புரியாமலே சரளமாகப் பேசிவிடுகிறோம்.

நிறுவனங்களிடமும் ஒரு வார்த்தை. இந்தக் காலாண்டில் இத்தனை பேர் சான்றிதழ் பெற வேண்டும் என்று இலக்கு வைத்து, படிக்க ஒரு மணி நேரம்கூட ஒதுக்காமல் விட்டால், பிள்ளைகள் வேறு எங்கே போவார்கள்? டம்ப்ஸ் சந்தையை வளர்ப்பதே இந்த அவசரம்தான். சான்றிதழ் எண்ணிக்கையைக் கேட்பதை விட்டுவிட்டு, தேர்வெழுதப் போகிறவர் தம் சொந்தத் திட்டத்தின் ஒரு பகுதியை மாதிரியாக வரைந்து குழுவின் முன் விளக்கட்டும். அரை நாள் போதும். யார் தயார் என்று அப்போது எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

"சிஸ்எம்எல் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டதே, காத்திருக்கலாமா?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. 2025இல் ஓஎம்ஜி அதை முறைப்படி ஏற்றது. மென்பொருளுக்கான வரைபட மொழியான யுஎம்எல்லை முதல் பதிப்பு சார்ந்திருந்தது, இது அதைச் சாராமல் புதிதாகக் கட்டப்பட்டது, எழுத்து வடிவிலும் மாதிரியை எழுதலாம், எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அதற்காகக் காத்திருக்காதீர்கள். முதல் தலைமுறையில் கட்டிய மாதிரிகள் திட்டங்களில் இன்னும் பல ஆண்டுகள் உயிரோடு இருக்கும், அவற்றைப் படிக்க ஆள் வேண்டும். மேலும், பம்ப் என்ற வரையறை வேறு, இந்த வீட்டில் இந்த இடத்தில் பொருத்தியிருக்கும் பம்ப் என்ற பயன்பாடு வேறு என்ற பிரிவினை புதிய பதிப்பில் இன்னும் வெளிப்படையாக வருகிறது. பழையதில் பிளாக் வரையறை வரைபடத்தையும் உள் பிளாக் வரைபடத்தையும் மாற்றி மாற்றிப் போட்டு அந்தப் பிரிவினையைக் கைக்குக் கொண்டுவந்தவர்களுக்குப் புதியது எளிதாகவே இருக்கும். எந்தத் தேர்வு எந்தப் பதிப்பைக் கேட்கிறது என்பதை மட்டும் பணம் கட்டுவதற்கு முன்னால் ஓஎம்ஜி தளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

உங்கள் தாள்களைப் புகைப்படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள். முதலில் உள் பிளாக் வரைபடத்தையும் செயல்பாட்டு வரைபடத்தையும் அனுப்புங்கள், பிழைகள் அதிகம் ஒளிந்திருப்பது அவற்றில்தான். வார இறுதிகளில் உட்கார்ந்து பார்த்து, எங்கே டோக்கன் சிக்கிக்கொள்கிறது, எந்தப் போர்ட்டில் (உறுப்பின் இணைப்பு வாயில்) திசை தவறு என்று எழுதி அனுப்புகிறேன்.