சாய் சுதர்சனின் சிக்கல் ஆஃப் ஸ்டம்ப்பில் இல்லை

6 டெஸ்ட், 11 இன்னிங்ஸ், 302 ரன், சராசரி 27.45. 2025 முடியும்போது இந்திய அணியோட இடதுகை பேட்டர் சாய் சுதர்சனோட டெஸ்ட் கணக்கு இதுதான். இதை வச்சு "ஐபிஎல்லுக்கு மட்டும்தான் லாயக்கு"ன்னு தீர்ப்பு எழுதுறவங்க, அவர் எப்படி அவுட் ஆனார்னு ஒருதடவை பாருங்க.

இங்கிலாந்தில் லீட்ஸ், அறிமுக டெஸ்ட். லஞ்சுக்குக் கொஞ்சம் முன்னாடி இறங்கி நாலாவது பந்திலேயே டக்: லெக் ஸ்டம்ப்புக்கு (கால் பக்க ஸ்டம்ப்) வெளியே இங்கிலாந்து கேப்டன் ஸ்டோக்ஸ் போட்டதைத் தொட்டு கீப்பர் கேட்ச். ரெண்டாவது இன்னிங்ஸில் 30. ஷார்ட் மிட்விக்கெட்டில் (கால் பக்கம், பேட்டருக்குக் கொஞ்சம் கிட்ட) ஆள் நிறுத்திட்டு ஸ்டோக்ஸ் காலுக்கே போட்டார், ஃபிளிக் (மணிக்கட்டால் கால் பக்கம் திருப்புற ஷாட்) நேரா அங்கே நின்ன கிராலி கையில். ரெண்டுமே லெக் சைட், ஆஃப் ஸ்டம்ப் பக்கம் இல்லை.

காரணம் தலை. பந்து வரும்போது தலை முன்கால் பாதத்தைத் தாண்டி ஆஃப் சைட் பக்கம் சாயுது, முன்காலும் குறுக்கே ஊணுது. அப்புறம் மட்டை கால் பேடைச் சுத்தித்தான் வரணும். பந்தை மட்டையோட முழு முகத்தில் சந்திக்க முடியாது, ஃபிளிக் தூக்கிடும். டி20யில் அந்த இடத்தில் ஆள் இருக்க மாட்டாங்க, அதே ஷாட் பவுண்டரி. ஐபிஎல் 2025ல் 759 ரன் அடிச்சு ஆரஞ்ச் கேப் வாங்கினவருக்கு அந்த ஷாட்டை விடச் சொல்றது கஷ்டம்தான். விடவும் வேண்டாம். நெட்ஸில் லெக் ஸ்டம்ப் லைனிலேயே த்ரோடவுன் (கிட்ட நின்னு எறியுற பந்து) போடச் சொல்லி, எல்லாத்தையும் மிட்ஆன் பக்கம் (நேரா, பவுலருக்குப் பக்கத்தில்) தரையோட தள்ளிப் பழகணும். ஸ்கொயருக்கு (பேட்டருக்கு நேர் பக்கவாட்டு) பின்னாடி போனா கணக்கில் சேராது.

மான்செஸ்டரில் இங்கிலாந்து வேகப்பந்து வீச்சாளர் வோக்ஸ் முதல் ஓவரிலேயே ஸ்லிப்பில் எடுத்தது வேற கதை. அவர் சந்திச்ச முதல் பந்து அது, யாருக்கும் நடக்கும்.

ஸ்பின்னில் வேற ஒரு குறை. டெல்லியில் 87ல் இருந்தப்போ வெஸ்ட் இண்டீஸ் ஸ்பின்னர் வாரிகன் பந்துக்குப் பின்காலில் போய் எல்பிடபிள்யூ. உள்ளே திரும்புற பந்துக்குப் பின்னாடி போனா கால் பேடைக் காப்பாத்த நேரமே இருக்காது. குவஹாத்தியில் 139 பந்து நின்னு 14 ரன். பொறுமை இருக்கு, ஒவ்வொரு ரன்னா எடுத்து ஸ்ட்ரைக் மாத்துற வழிதான் இல்லை.

இதெல்லாம் திருத்தக்கூடியது. ஆனா லீட்ஸ் முடிஞ்சதும் ரெண்டு டெஸ்ட் வெளியே, கொல்கத்தாவில் மறுபடி வெளியே, ஒன்டவுனில் (மூணாவது பேட்டர் இடம்) வாஷிங்டன் சுந்தர். (ரெண்டு பேரும் நம்ம ஊர்க்காரங்கங்கிறதால சண்டை போடக்கூட முடியல!) ரஞ்சி அறிமுகத்தில் 179, டெல்லிக்கு எதிரா 213 அடிச்ச ஆளுக்கு முழுசா ஒரு வெளிநாட்டுத் தொடர் ஒரே இடத்தில் கொடுத்துட்டு அப்புறம் பேசலாம்.

அடுத்து அவர் இறங்கும்போது முதல் 20 பந்துக்கு ஸ்கோரை விட்டுட்டு முன்கால் பாதத்தைப் பாருங்க. மிட்ஆஃப் பக்கம் (பவுலரை நோக்கி) நேரா நின்னா நல்லது. கவர் பக்கம் (ஆஃப் சைடில் பக்கவாட்டா) குறுக்கே போச்சுன்னா, ரெண்டு ஓவருக்குள்ள ஷார்ட் மிட்விக்கெட்டுக்கு ஆள் வந்துடுவார்.