'ஒரே மூச்சில் படித்தேன்' சரி, எந்தப் பதிப்பை?

"ஒரே மூச்சில் படித்து முடித்தேன்." "கீழே வைக்க மனமே வரவில்லை." "அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்." புத்தகத்தைப் பற்றி நாலு வரி எழுதச் சொன்னால் இந்த மூன்றையும் போட்டு, நாலாவதாக 'மிரட்டல்' என்று முடித்துவிடுகிறார்கள். பக்கத்தில் ஒரு காபி டம்ளர் படம் வேறு. டம்ளர் மறைத்திருப்பது பெரும்பாலும் மொழிபெயர்ப்பாளர் பெயராகத்தான் இருக்கும்.

நாவலோ கவிதையோ சித்த மருத்துவமோ, எல்லாவற்றுக்கும் இதே வரிகள். தலைப்பை மாற்றினால் இன்னொரு புத்தகத்துக்கும் பொருந்துகிற குறிப்பு எதற்கய்யா? யாரும் இங்கே திறனாய்வுக் கட்டுரை கேட்கவில்லை. நாலே வரி போதும். ஆனால் காசு கொடுத்து வாங்கப்போகிறவனுக்கு அதில் ஏதாவது கிடைக்க வேண்டாமா?

'பொன்னியின் செல்வன் முடித்தேன்' என்கிறார்கள். எதை முடித்தீர்கள்? கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையான பிறகு யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ஐந்து பாகமும் ஒரே குண்டுப் புத்தகமாக வந்ததுண்டு, தனித்தனியாக வந்ததுண்டு, மணியம் ஓவியங்களோடு வந்ததுண்டு, சுருக்கப் பதிப்பும் உண்டு. சுருக்கத்தைப் படித்துவிட்டு 'என்ன விறுவிறுப்பு!' என்றால், வெட்டித் தள்ளிய பிறகு வேறெப்படி இருக்கும்? எதிர்க்கட்சி ஒன்றும் இருக்கிறது: 'ஒரே இழுவை, சொன்னதையே சொல்கிறார்.' அது 1950 முதல் 1954 வரை வாராவாரம் வந்த தொடர்கதை. போன வாரம் தவறவிட்டவருக்கு நினைவூட்டியாக வேண்டும். அடுத்த வார இதழை வாங்க வைக்க அத்தியாயத்தை அந்தரத்தில் நிறுத்தியாக வேண்டும். ஒரே ராத்திரியில் இருபது அத்தியாயம் விழுங்கினால் திகட்டத்தான் செய்யும். இதெல்லாம் தெரிந்தும் இழுவை என்றால், அது கருத்து. வாங்கிக்கொள்கிறேன்.

தலைப்புப் பக்கத்தைப் புரட்டினால் பின்னால் ஒரு பக்கம் இருக்கிறது. ஆண்டு, பதிப்பு, மூலத் தலைப்பு, மொழிபெயர்ப்பாளர், பக்க எண்ணிக்கை, விலை எல்லாம் அங்கேதான். அரை நிமிட வேலை. அதிலும் ஒரு கண்ணி உண்டு: பழைய நாவலில் 'முதற்பதிப்பு 2023' என்று இருந்தால், அந்தப் பதிப்பகம் முதன்முதலாகப் போட்ட ஆண்டு என்றுதான் பெரும்பாலும் பொருள். எழுதிய ஆண்டு வேண்டுமென்றால் ஆசிரியரின் பழைய முன்னுரைக்கு அடியில் தேதி இருக்கிறதா என்று பாருங்கள். சிறுகதைத் தொகுப்புகளில் இந்தக் குழப்பம் இன்னும் மோசம். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்து 2000இல் காலச்சுவடு வெளியிட்ட புதுமைப்பித்தன் கதைகளில், எந்தக் கதை எந்த இதழில் எப்போது வந்தது என்ற விவரம் இருக்கிறது. மலிவுப் பதிப்புகள் பலவற்றில் அது கிடையாது. எந்தக் காலம் என்றே தெரியாமல் 'அந்தக் காலத்திலேயே இப்படி எழுதியிருக்கிறாரே!' என்று வியப்பது எப்படியோ!

மொழிபெயர்ப்பு என்றால் 'சரளமான நடை', அவ்வளவுதான். யாருடைய நடை? காம்யுவின் 'அந்நியன்' வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்து நேராகக் கொண்டுவந்தது. தகழியின் 'செம்மீன்' சுந்தர ராமசாமி மலையாளத்திலிருந்து நேராகச் செய்தது. ரஷ்ய நாவல்கள் பல ஆங்கிலம் வழியாக வந்தவை. இரண்டு கை மாறி வந்த வாக்கியம் முரண்டு பிடித்தால், 'ஆசிரியர் எழுதத் தெரியாமல் எழுதியிருக்கிறார்' என்று தீர்ப்பு! மொழிபெயர்த்தவர் பெயரையும் எந்த மொழி வழி என்பதையும் ஒரு வரியில் சொன்னால் கை தேய்ந்தா போகும்?

வரலாற்று நூலா? அடிக்குறிப்பு, நூற்பட்டியல், கடைசியில் சொல்லடைவு (எந்தப் பெயர் எந்தப் பக்கத்தில் என்ற பட்டியல்) இருக்கிறதா என்று மட்டும் சொல்லுங்கள், புண்ணியமாகப் போகும். நானூறு பக்கத்தில் ஒரு ஊர்ப் பெயரைத் தேடுகிறவனுக்கு 'பிரமிப்பு' என்ற உங்கள் சொல் உதவாது. சமையல் புத்தகத்துக்கும் 'அருமை'தான். படித்து அருமையா, சமைத்து அருமையா? அதில் சொல்லும் கப் 200 மில்லியா 240 மில்லியா? மாவும் தண்ணீரும் தப்பினால் திட்டு வாங்கப்போவது நீங்களில்லை.

புத்தகத்தைத் தைத்தார்களா ஒட்டினார்களா என்ற கட்டுமானத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. எண்ணூறு பக்கத்தை வெறும் பசையில் ஒட்டியிருந்தால் இரண்டாம் வாசிப்பில் தாள் கையோடு வரும். முதுகின் மேல்முனையைப் பாருங்கள்: தைத்த புத்தகத்தில் மடித்த கொத்துகள் தனித்தனியாகத் தெரியும், ஒட்டியதில் வெட்டிய தாள்கள் ஒரே மட்டமாக இருக்கும். உள் ஓரத்தில் இடம் விடாமல் அச்சிட்டிருந்தால் வரியின் கடைசி எழுத்தைப் படிக்கப் புத்தகத்தைப் பிளக்க வேண்டும், அப்போதும் பசைதான் விடும். அச்சுத்தாளைப் பெரும்பாலும் பதினாறு பக்கமாக மடிப்பதால், ஒரு கொத்து விட்டுப்போனால் 96க்கு அடுத்து 113 வந்து நிற்கும். கடையிலேயே ஒருமுறை பக்க எண்களை ஓடவிட்டால் தெரிந்துவிடும்.

இத்தனையும் விட்டவர்கள் ஒன்றை மட்டும் துல்லியமாகச் சொல்லிவிடுகிறார்கள்: 'கடைசி அத்தியாயத்தில் தங்கை சாகும் இடம் உலுக்கிவிட்டது.'