ஜெபர்சன் தெருவை விட்டுவிட்டு ஹவுஸ் இசைக்கு வரலாறு கிடையாது

சனிக்கிழமை இணையவழிக் கூட்டத்தில் நடந்ததை உங்களில் பலர் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் அந்தத் துண்டுக் காணொளி இதற்குள் வந்து சேர்ந்திருக்கும். பேச்சாளர் நிறையப் படித்தவர். அவருடைய ஜாஸ் உரைகளை இதே பக்கத்தில் நான் பாராட்டி எழுதியிருக்கிறேன். அவர்தான், இன்று உலகமெங்கும் ஆடப்படும் ஹவுஸ் என்ற மின்னணு நடன இசையைப் பற்றிப் பேசும்போது, "ஹவுஸ் இசை 1988இல் இங்கிலாந்தில் பிறந்தது" என்று ஒரே வரியில் முடித்தார். நான் குறுக்கிட்டு, அது சிகாகோவில் பிறந்தது, பெயரே அங்கிருந்த 'வேர்ஹவுஸ்' என்ற கிளப்பிலிருந்து வந்ததுதான் என்றேன். "குடித்துவிட்டு ஆடுகிற இடத்துக்கெல்லாம் வரலாறு எழுத ஆரம்பித்தால் முடிவே இருக்காது" என்றார் ஒருங்கிணைப்பாளர். எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள்.

முதலில் குடியிலிருந்தே தொடங்குகிறேன். வேர்ஹவுஸில் மது விற்கவில்லை. பழச்சாறும் தண்ணீரும்தான். மது விற்காததால்தான் மற்ற மதுக்கூடங்கள் மூடிய பிறகும் அங்கே ஆட முடிந்தது. சனிக்கிழமை இரவு தொடங்கி ஞாயிறு நண்பகல் வரை ஆடினார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சிரிக்கும் முன், இந்த ஒன்றையாவது தெரிந்துகொண்டிருக்கலாம்.

சிகாகோ நகரத்தின் மேற்குப் பகுதியில், தெற்கு ஜெபர்சன் தெரு 206 என்ற எண்ணில், தொழிற்கூடமாக இருந்த மூன்று மாடிக் கட்டடம் அது. நியூயார்க்கிலிருந்து வந்த ராபர்ட் வில்லியம்ஸ், அந்த ஊரில் தான் கண்ட விடியவிடிய நடன இரவுகளைச் சிகாகோவில் நடத்த விரும்பி 1977இல் அதைத் திறந்தார். இசைத்தட்டுகளை இயக்குவதற்கு முதலில் லாரி லெவானைத்தான் அழைத்தார். லெவான் நியூயார்க்கில் பாரடைஸ் கராஜ் கிளப்போடு தங்கிவிட்டார். அவருடைய நண்பர், நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் வளர்ந்த பிராங்கி நக்கிள்ஸ் சிகாகோவுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 22. அங்கே ஆட வந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பின இளைஞர்களும், லத்தீனோ எனப்படும் லத்தீன் அமெரிக்க வம்சாவளி இளைஞர்களும். அவர்களிலும் பெரும்பாலோர் தன்பாலீர்ப்பாளர்கள். இதைச் சொல்லாமல் வேர்ஹவுஸைப் பற்றி ஒரு வரிகூட எழுத முடியாது. எழுதினால் அது பொய்.

இரண்டே ஆண்டுகளில், 1979 ஜூலை 12 அன்று, அதே நகரத்தின் கொமிஸ்கி பார்க் பேஸ்பால் மைதானத்தில் என்ன நடந்தது என்று பேச்சாளருக்குத் தெரியாமல் இருக்காது. டிஸ்கோ என்ற அக்கால நடன இசையை வெறுத்த ஸ்டீவ் டால் என்ற வானொலி அறிவிப்பாளர் ஒரு நிகழ்ச்சி ஏற்பாடு செய்தார். டிஸ்கோ இசைத்தட்டு ஒன்றைக் கொண்டுவந்தால் 98 சென்டுக்கு உள்ளே போகலாம். வந்த தட்டுகளை மைதானத்தின் நடுவே குவித்து வெடி வைத்தார்கள். ஆயிரக்கணக்கானவர்கள் களத்துக்குள் பாய்ந்தார்கள். அன்றைய இரண்டு ஆட்டங்களில் இரண்டாவதை நடத்தவே முடியவில்லை. அன்று அங்கே இருக்கை காட்டும் வேலை பார்த்த கறுப்பினச் சிறுவன் வின்ஸ் லாரன்ஸ். டிஸ்கோவே அல்லாத, வெறுமனே கறுப்பினக் கலைஞர்களுடைய தட்டுகளையும் கொண்டுவந்து கொடுத்தார்கள் என்று அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1984இல் ஜெஸ்ஸி சாண்டர்ஸ் வெளியிட்ட தட்டைத்தான் முதல் ஹவுஸ் இசைத்தட்டு என்று பலரும் குறிப்பிடுகிறார்கள். அதில் கூட்டாகப் பாடல் எழுதியவர் இதே லாரன்ஸ்.

டிஸ்கோவுக்கு விழுந்த அடிக்குப் பிறகு பெரிய நிறுவனங்கள் நடனத் தட்டுகளைக் கைவிட்டன. புதிய தட்டுகள் அருகின. ஆட வருகிறவர்களோ ஒவ்வொரு சனிக்கிழமையும் வந்துகொண்டே இருந்தார்கள். நக்கிள்ஸ் என்ன செய்தார்? பழைய பாடல்களைச் சுருள் நாடாவில் பதிந்துகொண்டார். பிளேடால் நாடாவை வெட்டி, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கிற பகுதிகளை மீண்டும் மீண்டும் வரும்படி ஒட்டினார். மூன்று நிமிடப் பாட்டு பத்து நிமிடம் ஓடியது. பிறகு அதன் அடியில் டிரம் மெஷினின் தாளத்தை ஓடவிட்டார். ஹவுஸ் என்று இன்று உலகம் ஆடுவதன் எலும்புக்கூடு அப்படி உருவானது. கையும் பிளேடும் நாடாவும் கொண்டு ஒருவர் வாரந்தோறும் செய்த வேலை அது. சிகாகோ இசைத்தட்டுக் கடைகளில் 'வேர்ஹவுஸில் ஒலிப்பவை' என்று சீட்டு எழுதி ஒட்டினார்கள். அந்தச் சீட்டுதான் சுருங்கி 'ஹவுஸ்' ஆனது.

1982இன் இறுதியில் வில்லியம்ஸ் நுழைவுக் கட்டணத்தை இரட்டித்தார். நக்கிள்ஸ் விலகிப்போய் பவர் பிளான்ட் என்ற கிளப்பைத் தொடங்கினார். வில்லியம்ஸ் மியூசிக் பாக்ஸ் என்ற பெயரில் தொடர்ந்தார். அங்கே தட்டுகளை இயக்க வந்தவர் ரான் ஹார்டி. அவரைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். வேகத்திலும் துணிச்சலிலும் நக்கிள்ஸையே மிஞ்சியவர் என்பது என் எண்ணம். இவ்வளவும் 1988க்கு முன்.

இங்கிலாந்தின் பங்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மான்செஸ்டரின் ஹாசியெண்டாவும் லண்டனின் ஷூம் கிளப்பும் இந்த இசையை லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுசேர்த்தன. அமெரிக்கா தன் பிள்ளைகளைக் கண்டுகொள்ளாதபோது அவர்களுக்கு மேடை கொடுத்தது ஐரோப்பாதான். ஆனால் 1987 ஜனவரியில், உங்கள் 1988க்கு ஓராண்டு முன்பே, பிரிட்டிஷ் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஹவுஸ் இசைத்தட்டு யாருடையது? ஸ்டீவ் 'சில்க்' ஹர்லி. சிகாகோக்காரர். பிறந்த வீடு வேறு, கொண்டாடிய வீடு வேறு. கொண்டாடியவர் கையில் பிறப்புச் சான்றிதழைக் கொடுப்பது என்ன நியாயம்?

"நியூயார்க் இல்லாமல் சிகாகோ ஏது?" என்று ஒரு நண்பர் உள்பெட்டியில் கேட்டார். நியாயமான கேள்வி. நக்கிள்ஸும் லெவானும் தொழில் பழகியது நியூயார்க்கில்தான். பாரடைஸ் கராஜின் பெருமையை நான் குறைக்கவில்லை. அந்த நண்பர் சொல்வதிலும் மையத்தில் இருப்பவர்கள் அதே மனிதர்கள்தான் என்பதைக் கவனியுங்கள்.

"அங்கே போதைப்பொருள் இருந்ததே" என்று இன்னொருவர். இருந்தது. ஜாஸ் உரையில் அந்தக் கலைஞர்களின் போதைப் பழக்கத்தைக் காரணம் காட்டி ஜாஸுக்கு வரலாறே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லையே? அன்று அவர்களுக்காகக் கண்கலங்கிப் பேசினார்கள். மதிப்பு கிடைத்துவிட்ட இசைக்கு ஒரு தராசு, கிடைக்காத இசைக்கு வேறு தராசு.

என் பழைய அலுவலகக் கட்டடத்தில் காவல் பணியில் இருந்த பெரியவர் ஒருவரைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். தெற்குச் சிகாகோவைச் சேர்ந்த கறுப்பினத்தவர். இரவு வேலை முடிந்து நான் இறங்கும்போது அவருடைய மேசையில் சிறிய வானொலி மெல்லிய ஒலியில் ஓடிக்கொண்டிருக்கும். ஒருநாள் இது என்ன பாட்டு என்று கேட்டேன். அன்று என் கடைசி ரயில் போய்விட்டது. அவ்வளவு நேரம் பேசினார்.

இளமையில் வேர்ஹவுஸுக்குப் போனவர் அவர். நகரத்தின் வடபகுதி மதுக்கூடங்களில் வெள்ளையரை எதுவும் கேட்காமல் உள்ளே விட்டுவிட்டு, தங்களிடம் மட்டும் இரண்டு மூன்று அடையாள அட்டைகள் கேட்பார்களாம். வேர்ஹவுஸில் அந்த அவமானம் இல்லை. சனிக்கிழமை கிளம்பும்போது ஒரு காகிதப் பையில் வெள்ளைச் சட்டை ஒன்றை மடித்து எடுத்துப் போவாராம். விடிந்ததும் வியர்வையில் ஊறிய சட்டையைக் கழற்றிப் பைக்குள் திணித்து, வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, பஸ் பிடித்து நேராகத் தேவாலயத்துக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்காருவாராம். அம்மா முகர்ந்து பார்ப்பாராம். ஒன்றும் கேட்க மாட்டாராம். சாகும்வரை கேட்கவில்லையாம். இதைச் சொன்னபோது சட்டை மடிப்பை மேசையின் மேல் கையால் தடவிக் காட்டினார், அங்கே சட்டை இருப்பதைப் போலவே.

கூட்டத்தில் இந்தப் பெரியவரைப் பற்றிச் சொல்லத்தான் வாய் திறந்தேன். அப்போதுதான் ஒருவர், "உங்களுக்கு ஏன் இதில் இவ்வளவு அக்கறை?" என்று கேட்டார். அந்தக் குரலின் ஏற்ற இறக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. கேட்டவருக்குப் பின்னால் இரண்டு பேர் வாயைப் பொத்திக்கொண்டதும் திரையில் தெரிந்தது. சகோதரரே, கர்நாடக இசையைப் பற்றிப் பேசினால் நீங்கள் எந்த ஊர், என்ன குலம், ஏன் அக்கறை என்று கேட்பீர்களா? ஒரு இசையின் வரலாற்றைச் சரியாகச் சொல்லுங்கள் என்று கேட்பவன் தன் படுக்கையறைக்கும் கணக்குக் காட்ட வேண்டுமா? நான் யார் என்பதை அங்கே சொல்லவில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லித்தான் பேசும் தகுதியைப் பெற வேண்டுமென்றால், அந்தத் தகுதி எனக்கு வேண்டாம்.

"இசையைப் பேசுங்கள், அவர்களுடைய அந்தரங்கம் நமக்கெதற்கு" என்று நாகரிகமாக எழுதியிருக்கிறார்கள் சிலர். அந்தரங்கத்தை நான் பேசவில்லை. வெளியே கைகோத்து நடக்க முடியாதவர்கள் ஒன்றாக ஆட ஓர் இடம் தேடினார்கள். அந்தத் தேவையிலிருந்து அந்த இரவுகள் நீண்டன. இரவுகள் நீண்டதால் பாட்டுகள் நீண்டன. பாட்டுகளை நீட்டியதால் புதிய இசை வந்தது. காரணத்தை நீக்கிவிட்டு விளைவை மட்டும் எப்படிச் சொல்வீர்கள்? அருவருப்பு அவர்கள்மீது, ஆட்டம் மட்டும் நமக்கு. திருமண வரவேற்பில் இந்தத் தாளம் ஒலிக்கும்போது முதலில் எழுந்து ஆடியவர்களின் பெயர்கள் எனக்குத் தெரியும்.

சிகாகோ நகரமே வெட்கப்படவில்லை. 2004இல் ஜெபர்சன் தெருவின் அந்தப் பகுதிக்கு நக்கிள்ஸின் பெயரைச் சூட்டியது. அப்போது மாநில செனட்டராக இருந்த பராக் ஒபாமா அதற்குத் துணை நின்றார். பாடல்களை மாற்றியமைக்கும் ரீமிக்ஸ் கலைஞருக்கான கிராமி விருது 1998இல் முதன்முதலாக வழங்கப்பட்டபோது வாங்கியவர் நக்கிள்ஸ். அவர் 2014இல் காலமானார். அவருடைய ஆயிரக்கணக்கான இசைத்தட்டுகள் தெற்குச் சிகாகோவில் பழைய வங்கிக் கட்டடமான ஸ்டோனி ஐலண்ட் ஆர்ட்ஸ் பேங்கில் பாதுகாக்கப்படுகின்றன. 2023 ஜூனில் வேர்ஹவுஸ் கட்டடத்தை நகர மன்றம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது. அந்த ஊர்க்காரர்களுக்கு அது வரலாறு. நம் கூட்டத்துக்கு அது சிரிப்பு.

எனக்கு ஆறாதது வேறொன்று. 1980களில் எய்ட்ஸ் அந்தத் தலைமுறையை வாரிக்கொண்டு போனது. அமெரிக்க அரசு நெடுநாள் வாய் திறக்கவில்லை. வேர்ஹவுஸின் தரையில் ஆடியவர்களில் எத்தனையோ பேர் நாற்பது வயதைக் காணவில்லை. தன்னோடு பஸ்ஸில் வந்த நண்பர்களின் பெயர்களைப் பெரியவர் வரிசையாகச் சொன்னார். ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் ஓர் ஆண்டைச் சொன்னார். ரான் ஹார்டி 1992இல் போனார், 33 வயது. அதே ஆண்டில் லாரி லெவானும் இதயச் செயலிழப்பால் போனார், 38 வயது. நேரில் பார்த்தவர்கள் இருந்திருந்தால் 1988 என்று யாராலும் இவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க முடியாது. மறுத்துப் பேச ஆளில்லாத இடத்தில் பொய் தானாகவே உண்மையாகிவிடுகிறது. சனிக்கிழமை நான் ஒருவன்தான் இருந்தேன், என்னையும் பேசவிடவில்லை.

உரையின் முழுப் பதிவும் அடுத்த வாரம் இணையத்தில் ஏறும் என்று அறிவித்திருக்கிறார்கள். கல்லூரி மாணவர்கள் பார்ப்பார்கள், குறிப்பெடுப்பார்கள். அந்த வரியை வெட்டுங்கள். வெட்ட முடியாவிட்டால் காணொளியின் கீழே திருத்தம் போடுங்கள். ராபர்ட் வில்லியம்ஸ், பிராங்கி நக்கிள்ஸ், ரான் ஹார்டி என்ற மூன்று பெயர்களும், அங்கே ஆடியவர்கள் யார் என்பதும் அதில் இருக்க வேண்டும். வாசகத்தை இன்றிரவே நான் எழுதி ஒருங்கிணைப்பாளருக்கு அனுப்புகிறேன்.