கோப்பை கழுவினார் என்று சொன்னால் யாருடைய மானம் போகிறது?

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தாயிற்று. சனிக்கிழமை இங்கே கனடாவில் எங்கள் தமிழ்த் தகப்பன் ஒருவரின் இறுதித் திருப்பலியில் அவருடைய மகன் பேசியதை நேரலையில் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்களுக்கும் வெட்டின துண்டு வாட்சப்பில் வந்து சேர்ந்திருக்கும். "அப்பா பதினொரு வருசம் கோப்பை கழுவினார். அந்தக் காசிலதான் எங்களைக் கூப்பிட்டார்." இதைச் சொன்னதற்குத்தான் இவ்வளவும். "செத்தவீட்டில சொல்லுற கதையே இது?" "ஊரில வாத்தியாரா இருந்த மனுசனை இவன் கோப்பை கழுவினவனாக்கிப் போட்டான்." "குடும்ப மானத்தைக் கோயிலுக்குள்ள வைச்சு வித்துப்போட்டான்." தகப்பனின் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்து எழுதின வார்த்தைகள் இவை. எழுதினவர்களில் பாதிப் பேர் அந்தத் திருப்பலியில் நன்மை (நற்கருணை) வாங்கினவர்கள்.

அவர் உணவகக் குசினியில் எச்சில் கோப்பை கழுவினார். அது ஒளித்து வைக்கிற விசயம் இல்லை. அந்த மனிதரின் கனடா வாழ்க்கைக்கு நடுமரம் அதுதான்.

"கோப்பை கழுவுறது" என்ற சொல்லை எங்கள் சனம் முப்பது நாற்பது வருடமாக நக்கலுக்கே வைத்திருக்கிறது. அந்த வேலை எப்படி நடக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் நக்கலடிக்கிறோமா? எச்சிலை வழித்துத் தள்ளி, தலைக்கு மேலே தொங்கும் தெளிப்புக் குழாயால் அடித்து, முள்ளுத் தட்டில் ஒவ்வொரு கோப்பையாகச் சாய்த்து அடுக்க வேண்டும். ஒன்றோடு ஒன்று ஒட்டினால் இடையில் தண்ணீர் போகாது. கறை அப்படியே காய்ந்து வெளியே வரும், குசினிக்காரர் திருப்பி அனுப்புவார், பிறகு முழுத் தட்டும் மறுபடி. முட்டை பட்ட கோப்பையை நேரே சுடுதண்ணீருக்குள் விட்டால் முட்டை வெந்து பசையாக ஒட்டிவிடும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இது புதிதாக வந்தவனுக்குத் தெரியாது, ஒரு கிழமை ஏச்சு வாங்கித்தான் பழகுவான். மெஷினின் கடைசி அலசல் 82 பாகை செல்சியசில் குறைந்தது 10 விநாடி நிற்க வேண்டும் என்பது ஒன்ராறியோ விதி. கதவைத் தூக்கியதும் அந்தச் சூட்டின் ஆவி நேரே முகத்தில் அடிக்கும். மெஷினுக்குள் போகாத பெரிய சட்டிகளுக்கு மூன்று தொட்டி: ஒன்றில் சவர்க்காரம், அடுத்ததில் நல்ல தண்ணீர், மூன்றாவதில் குளோரின் கலந்த தண்ணீர். அந்த மூன்றாவதில் 45 விநாடி கிடக்க வேண்டும். கையுறை போட்டாலும் விளிம்பால் தண்ணீர் உள்ளே போய்விடும். போனால் வெறுங்கையை விட மோசம், நாள் முழுக்கக் கை ஊறிக்கொண்டே இருக்கும். நகச்சுத்து வருவது அப்படித்தான். விரல் நுனி வெடித்து, சட்டைப் பொத்தான் பூட்ட முடியாமல் போவதும் அப்படித்தான். மகன் சொன்னானே, அப்பா கோயிலுக்கு வெளிக்கிடும்போது பொத்தான் பூட்டிவிடுவது தன் வேலை என்று. அந்த வரியையும் துண்டு வெட்டினவர்கள் வெட்டி எறிந்துவிட்டார்கள்.

இனிக் கணக்கைப் பாருங்கள். 1988 ஒக்ரோபரில் ஒன்ராறியோவில் அடிப்படைச் சம்பளம் மணிக்கு 4.75 டொலர். 1995 ஜனவரியில் 6.85. அதற்குப் பிறகு 2004 வரை ஒரு சதம் ஏறவில்லை. அதே 1995 பெப்ரவரியில்தான் நிரந்தர வதிவிடம் பெறுவதற்கு ஆளுக்கு 975 டொலர் கட்ட வேண்டும் என்று மத்திய அரசு கொண்டுவந்தது. வளர்ந்தவர்கள் எல்லாருக்கும், அகதியாக ஏற்கப்பட்டவர்களுக்கும் சேர்த்து. அகதிகளுக்கு அதை நீக்கியது 2000 ஆம் ஆண்டில்தான். இவருடைய வதிவிடப் பத்திரம் சரியாக அந்த இடைவெளிக்குள் அகப்பட்டது. தனக்கும் மனைவிக்கும் 1,950 டொலர். 6.85 ஆல் பிரித்துப் பாருங்கள்: 285 மணித்தியாலம். ஏழு கிழமைக்கும் மேல், சம்பளத்தில் கழிவு ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொண்டாலும். விண்ணப்பக் கட்டணம் தனி, விமான ரிக்கற் தனி, ஊருக்கு அனுப்பினது தனி. அந்தப் பிள்ளைகள் கனடா மண்ணில் கால் வைத்தது அந்தக் கோப்பைகளின் மேல் ஏறித்தான். இதை மகன் சொல்லாமல் யார் சொல்வது?

"அவர் ஊரில் ஆசிரியர், அதைச் சொல்லியிருக்கலாமே" என்கிறீர்கள். சொன்னான். இரண்டாவது நிமிடத்திலேயே சொன்னான். பள்ளிக்கூடத்தின் பெயரும் வகுப்பும் சொன்னான். உங்கள் காதில் அது விழுந்த மாதிரித் தெரியவில்லை. கரும்பலகைக்கு முன் நின்றவர் கழுவுதொட்டிக்கு முன் போய் நின்றது விழுந்துபோன கதை என்று நினைக்கிறீர்கள். பிள்ளைகளுக்காக இறங்கி வந்த கதை அது. விழுவதும் இறங்குவதும் ஒன்றா?

"கோயிலுக்குள் இதெல்லாம் பேசலாமா" என்பது அடுத்த கேள்வி. வேறு எங்கே பேசுவது? நாசரேத்தில் ஆண்டவரைப் பார்த்து "இவர் தச்சனின் மகன் அல்லவா" என்று ஊர்ச்சனம் கேட்டதை மத்தேயு எழுதி வைத்திருக்கிறார். அந்தத் தச்சரான சூசையப்பர் ஏரோதுக்குப் பயந்து, குழந்தையையும் தாயையும் கூட்டிக்கொண்டு இரவோடு இரவாக எகிப்துக்கு ஓடினவர். நான்கு நற்செய்தியிலும் அவர் வாய் திறந்து பேசின ஒரு சொல் கிடையாது. செய்தது மட்டும்தான் இருக்கிறது. 1955 இல் பாப்பரசர் 12 ஆம் பத்திநாதர் மே முதலாம் திகதியைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார். பெரிய வியாழன் பூசையில் குருவானவர் முழங்காலில் இருந்து பன்னிரண்டு பேரின் காலைக் கழுவுவதைப் பார்த்துக் கண் கலங்குகிறோம். பதினொரு வருடம் அடுத்தவனின் எச்சிலைக் கழுவினவரைப் பற்றி அதே கோயிலில் ஒரு வசனம் சொன்னால் முகம் சுளிக்கிறோம்.

அவருடைய விசுவாசத்தைப் பற்றிப் பேசியிருக்கலாம் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். மரியாதையாகத்தான் எழுதினார், ஆகவே மரியாதையாகவே பதில் சொல்கிறேன். அந்தக் காலத்தில் ரொறொன்ரோவில் ஞாயிறு சுரங்கரயில் காலை 9 மணிக்குத்தான் ஓடத் தொடங்கும். சனி இரவு வேலை முடித்து இரண்டு மணிக்கு வந்து படுத்தவர், 8 மணிப் பூசைக்கு நடந்து போனார். மத்தியானம் மறுபடி வேலை, அதனால் வேறு பூசை சரிவராது. ஊரில் மடு மாதா கோயிலுக்குப் போக முடியாத வருடங்களில் ஆவணிக்கு ஒன்ராறியோவின் மிட்லண்ட் மறைசாட்சிகள் திருத்தலத்துக்குப் போனார், யாருடைய வானிலாவது ஒரு மூலையில் இருந்து. 1995 ஜூலை 9 யாழ்ப்பாணத்து நவாலிக் கோயிலில் குண்டு விழுந்த செய்தி வந்தபோது வீட்டாருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமலே தொட்டிக்கு முன் நின்றார், தொட்டி விளிம்பில் செபமாலையை வைத்துக்கொண்டு. மகன் சொன்னது இதெல்லாம்தான், அக்கா. வேலையை எடுத்துவிட்டு விசுவாசத்தை மட்டும் சொல்லு என்றால், எந்த இடத்தில் பிரித்து வெட்டுவது?

பேச்சு 11 நிமிடம் போய்விட்டது என்ற குறை நியாயம்தான். கத்தோலிக்க இறுதிச் சடங்கில் மறையுரையே புகழுரையாக இருக்கக் கூடாது என்பது முறை. நன்மைக்குப் பின்னான செபம் முடிந்து, இறுதிப் பிரியாவிடைக்கு முன் குடும்பத்தில் ஒருவர் சில வார்த்தை பேசலாம். மூன்று முதல் ஐந்து நிமிடம். தமிழில் நிதானமாக வாசித்தால் நிமிடத்துக்கு 90, 100 சொல் போகும். அழுகைக்கும் இடம் விட்டு 400 சொல்லோடு நிறுத்த வேண்டும். பெரிய எழுத்தில், தாளின் ஒரு பக்கம் மட்டும் அச்சடித்து, தொண்டை அடைத்தால் தொடர்ந்து வாசிக்க இன்னொருவரிடம் ஒரு பிரதி கொடுத்து வைக்க வேண்டும். பாதரிடம் முதல்நாளே காட்ட வேண்டும். நீளமாகச் சொல்ல வேண்டியதை உடலைப் பார்வைக்கு வைக்கும் இரவில் சொல்லலாம், அங்கே அவசரம் இல்லை. சரி, அவன் நேரம் தவறினான். ஆனால் எத்தனை செத்தவீட்டில் பிரமுகர்கள் இருபது நிமிடம் பேசினார்கள், அப்போது மணிக்கூட்டைப் பார்த்தது யார்?

31 ஆம் நாள் நினைவு மலருக்கும் இதே பிரச்சினை இப்போதே தொடங்கிவிட்டது. இப்படி ஒரு மலர் செய்யும் பிள்ளைகளுக்குச் சில விசயம் சொல்ல வேண்டும். அப்பா எந்த வருடம் எங்கே வேலை செய்தார் என்று தெரியாவிட்டால் உறவினரிடம் கேட்காதீர்கள், மெருகு பூசித்தான் சொல்வார்கள். வருமான வரிக்காக வேலை கொடுத்தவர் வருடாவருடம் தரும் பழைய ரி4 துண்டுகளைத் தேடுங்கள், வேலை கொடுத்தவரின் பெயரும் வருடமும் அதிலேயே இருக்கும். வந்திறங்கிய திகதிக்கு லாண்டிங் பேப்பரை, அதாவது குடிவரவுப் பத்திரத்தை, பாருங்கள். ஆனால் அகதியாக வந்தவருக்கு அதில் இருப்பது நிரந்தர வதிவிடம் கிடைத்த நாள், நாட்டுக்குள் வந்த நாள் பல வருடம் முந்தியது. இரண்டையும் குழப்பி எழுதினால் அவர் தனியாக இருந்த வருடங்கள் அப்படியே காணாமற்போய்விடும். ஞானஸ்நானப் பத்திரத்துக்கு ஊர்க் கோயிலுக்கு எழுதும்போது கனடாப் பெயர் வரிசையில் எழுதாதீர்கள். எங்களுக்குத் தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால். இங்கே அந்தச் சொந்தப் பெயரே குடும்பப் பெயராகிப் பேரப்பிள்ளை வரை போய்விட்டது. பதிவேட்டில் தேடுகிறவருக்குத் தலைகீழாகத் தெரியும். ஊரில் யாராவது தட்டச்சு செய்து அனுப்பினால் அது பாமினி எழுத்துருவா, யூனிகோடா என்று முதலே கேளுங்கள், இல்லாவிட்டால் அச்சகத்தில் எல்லாம் கோணல் எழுத்தாக வரும். பழைய படங்களைக் கைபேசியால் எடுத்து வாட்சப்பில் அனுப்பாமல் அங்குலத்துக்கு 600 புள்ளியில் ஸ்கான் செய்யுங்கள். நடுவில் தைக்கிற புத்தகம் என்றால் பக்கம் நான்கின் மடங்காக இருக்க வேண்டும். மிஞ்சும் பக்கத்தை நிரப்பத்தான் யாரோ ஒருவரின் அனுதாபச் செய்தி உள்ளே வரும், அப்பாவின் பக்கம் வெளியே போகும்.

கடைசியாக ஒருவர் கேட்டார்: "பேரப்பிள்ளையளுக்கு நாளைக்குக் கலியாணம் பேச வேண்டாமே?" இதுதான் உள்ளே இருந்த உண்மை. நேரமும் இல்லை, கோயிலும் இல்லை, வாத்தியார் பட்டமும் இல்லை. எச்சில் கோப்பையை எந்தக் கை தொடலாம், எந்தக் கை தொடக் கூடாது என்ற பழைய கணக்கை விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறோம். 1986 ஆகஸ்டில் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்த இலங்கைத் தமிழர் 155 பேரை மீன்பிடிக்காரர்கள் தூக்கி எடுத்தார்களே, அவர்களில் யார் என்ன சாதி, என்ன உத்தியோகம் என்று கேட்டா தூக்கினார்கள்? அந்தத் தலைமுறை தகப்பன்மார் இப்போது ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரின் மரண அறிவித்தலிலும் "சமூக சேவையாளர்" என்று போடுகிறோம். இரவிரவாகக் கட்டடம் துடைத்தவர், பெற்றோல் அடித்தவர், கோழி வெட்டினவர் எவரும் எங்கள் அறிவித்தலில் சாவதே இல்லை. அம்மாமாரின் கதை இதைவிட மோசம், அவர்களுக்கு "இல்லத்தரசி" என்று ஒரு சொல்லோடு முடிந்துவிடுகிறது, ஹோட்டல் அறை துடைத்த இருபது வருடத்துக்கும் சேர்த்து.

இது குடும்ப விசயம், வெளியாள் தலையிடக் கூடாது என்பீர்கள். நேரலையின் கீழே அந்தப் பிள்ளையை ஏசினவர்களில் எத்தனை பேர் குடும்பம்?

மலரின் முதற்பக்கத்தில் பிறந்த இடம், திருமணம், தொழில் என்று வரிசை இருக்கிறது. தொழில் என்ற இடத்தில் "ஓய்வுபெற்ற ஆசிரியர்" என்று மட்டும் போடச் சொல்லி நேற்றிரவு வரை மூன்று பேர் அந்த வீட்டுக்கு எடுத்துப் பேசியிருக்கிறார்கள். இனி ஒருவரும் எடுக்காதீர்கள். மகன் எழுதிக் கொடுத்தது அப்படியே அச்சாகட்டும்: ஆசிரியர், 1974–1987. கோப்பை கழுவுபவர், 1988–1999.