ரோஸ் டைல்ஸ் இருக்கட்டும், சுவரைப் பாருங்கள்

பெரியப்பாவும் பெரியம்மாவும் 40 வருடம் வாழ்ந்த வீட்டை விற்றுக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. மாடிப்படி ஏற முடியவில்லை, சின்ன வீடாகப் போய்விடலாம் என்று அவர்களே எடுத்த முடிவு. முதல் நாளே நான் ஒரு பட்டியல் போட்டேன். சமையலறையை இடித்துப் புதிதாகக் கட்டுவது, குளியலறையில் அந்த ரோஸ் நிற டைல்ஸைப் பெயர்ப்பது, வீடு முழுக்க பெயிண்ட். நல்லவேளை, பாதிகூட நடக்கவில்லை.

'கொஞ்சம் செலவழித்துப் புதுசாக்கினால் நல்ல விலை போகும்' என்று எல்லோரும் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை போய்விட்டது. வாங்குகிறவர் எப்படியும் தன் ரசனைக்கு மாற்றத்தான் போகிறார். நாம் கடன் வாங்கிப் போட்ட கிரானைட்டை அவர் மறுமாதமே பெயர்த்து எறியலாம். 78 வயதில் ஒரு மனிதரை மூன்று மாதம் சிமெண்ட் தூசிக்குள் உட்கார வைப்பது யாருக்காக? யோசித்தால், எனக்காகத்தான். பார்க்க வருகிறவர்கள் முன் அந்த டைல்ஸுக்கு வெட்கப்பட்டவன் நான். பெரியம்மாவுக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

செலவழிக்க வேண்டிய இடம் வேறு. ஹால் மூலையில் இடுப்புயரத்துக்கு ஓதம். அதை மறைத்து ஒரு மர ஷெல்பை நிறுத்தியிருந்தார்கள். நான் கெட்டிக்காரத்தனமாகப் பட்டி பார்த்து பெயிண்ட் அடிக்கச் சொன்னேன். இரண்டு வாரம் பளிச்சென்று இருந்தது. மூன்றாவது வாரம் கொப்புளம் கொப்புளமாக உப்பியது. விரலால் அழுத்தினால் உள்ளே வெள்ளைவெள்ளையாக உப்புத்தூள். செங்கல்லில் ஊறிய ஈரம் வெளியே வரும்போது உப்பையும் கரைத்துக்கொண்டு வருகிறது. தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு மட்டும் தங்கி பெயிண்டை உந்தித் தள்ளும். தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் மேலே எதை அடித்தாலும் இதே கதைதான். கடைசியில் பார்த்தால் சுவருக்குள் போகும் குழாயில், வளைவில் மாட்டும் ஒரு எல்போ கசிந்துகொண்டிருந்தது. பிளம்பருக்கு அரை நாள் வேலை. சுவர் காயத்தான் மாதங்கள் ஆயின.

மறைத்தே விற்றிருந்தால்? தெரிந்த பழுதைச் சொல்லாமல் விற்பது வழக்கு வரை போகலாம். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் கையெழுத்துப் போட்ட பெரியப்பா. பெயிண்ட் யோசனை சொன்ன நான் இல்லை.

(இன்னொன்று, பழைய பெயிண்டை உலர்வாகத் தேய்க்க விடாதீர்கள். பல பத்தாண்டுகளுக்கு முன் அடித்ததில் ஈயம் இருக்கலாம். அந்தத் தூசி குழந்தைகளுக்கு ரொம்பக் கெடுதல்.)

அப்புறம் வாசனை. பழகிய வாசனையை மூக்கு கொஞ்ச நேரத்தில் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். அதனால் அங்கேயே இருப்பவர்களுக்குத் தெரியாது, வாசலில் கால் வைப்பவருக்குத் தெரியும். பெரியவர்களிடம் இதை எந்த வாயால் சொல்வது? நான் சொல்லவில்லை. பீரோக்களைக் காலி செய்து, ஜன்னல்களைத் திறந்து வைத்தேன்.

விலைதான் பெரிய பஞ்சாயத்து. பெரியப்பா சொன்ன தொகையைக் கேட்டுத் தரகர் பேனாவை மூடி வைத்துவிட்டார். பேராசை என்றாள் என் தங்கை. எனக்கு அப்படித் தோன்றவில்லை. உளவியலாளர் டேனியல் கானமன், பொருளியலாளர் ரிச்சர்ட் தேலர் முதலானோர் 1990-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு உண்டு. மாணவர்களில் பாதிப் பேருக்குச் சாதாரண காபிக் கோப்பை ஒன்றைக் கொடுத்து, விற்கச் சொன்னார்கள். வாங்குகிற பாதி கொடுக்க நினைத்ததைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு கேட்டது விற்கிற பாதி. கோப்பை கைக்கு வந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது. இங்கே 40 வருடம்.

அதனால் வாதாடவில்லை. அதே தெருவில் சமீபத்தில் கைமாறிய மூன்று வீடுகளின் விலையை ஒரு தாளில் எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்து போன் வந்தது. "அந்த மூணாவது வீட்டுல கார் நிறுத்த இடம் கிடையாதுடா, தெரியுமா?" சரி, பேச்சு ஆரம்பித்துவிட்டது என்று புரிந்தது. கணக்கு போட்டு அவரே ஒரு தொகைக்கு இறங்கி வந்தார்.

வீட்டைக் காலி செய்யத்தான் நாள் பிடித்தது. ஒரு தகர டப்பாவில் 31 சாவிகள். தூக்கிப் போட்டுவிடலாமா என்றேன். "இரு, ஒண்ணொண்ணா போட்டுப் பாத்துடலாம்" என்றார் பெரியம்மா. இரண்டு சாயங்காலம் அறை அறையாக நடந்தோம். ஆறு சாவிகள்தான் எதையாவது திறந்தன. மீதி 25-ஐயும் டப்பாவோடு புது வீட்டுக்கு எடுத்துப் போயிருக்கிறார்.