அந்த நீலம் பெர்லின் நீலம்

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் நடந்தது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். மீதிப் பேர் அந்த ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்திருப்பீர்கள். என் படத்துக்குக் கறுப்பு அங்கி மாட்டி, கீழே "மேற்கின் வக்கீல்" என்று எழுதியிருந்தார்களே, அதுதான். அங்கி நன்றாகத்தான் வந்திருந்தது, ஒத்துக்கொள்கிறேன்.

டச்சு ஓவியர் வான்கோ ஜப்பானிய ஓவியங்களைத் திருடிவிட்டார் என்று அங்கே பேசினார்கள். நான் கேட்டது ஒரே கேள்வி. வான்கோ ஜப்பானியரிடம் திருடினார் என்றால், ஜப்பானிய ஓவியர் ஹொகுசாய் யாரிடம் திருடினார்?

டி-ஷர்ட்டில், டீ கோப்பையில் எல்லாம் அடித்து விற்கிறார்களே ஹொகுசாயின் அந்தப் பெரிய அலைப் படம், அது 1831 வாக்கில் வந்தது. அதன் நீலம் பெர்லினில் பிறந்த சாயம். ஜப்பானில் அதற்குப் பெயரே 'பெரோ'. பெர்லின் தேய்ந்து பெரோ ஆனது. நாகசாகி வழியாக டச்சுக்காரர்களும் சீனர்களும் கொண்டுவந்து இறக்கினார்கள். அலைக்கு அடியில் ஃபூஜி மலை சுண்டைக்காய் மாதிரி தெரிகிறதே, அந்தத் தூரக் கணக்கும் ஐரோப்பியப் படங்களைப் பார்த்துப் பழகியதுதான். அதற்குக் கால் நூற்றாண்டு முன்னால் வரைந்த இன்னொரு அலைப் படத்தில், தன் கையெழுத்தையே மேற்கத்திய எழுத்து மாதிரி படுக்கைவாட்டில் போட்டுப் பார்த்திருக்கிறார். மனிதருக்கு அவ்வளவு ஆசை! அவரை யாரும் திருடன் என்று சொல்லவில்லை. சொல்லவும் கூடாது.

வான்கோ 1887இல் பாரிஸில் இன்னொரு ஜப்பானிய ஓவியர் ஹிரோஷிகேயின் பிளம் தோட்டத்தையும், பாலத்தில் கொட்டும் மழையையும் எண்ணெய் வண்ணத்தில் போட்டார். ஓரத்தில் அர்த்தம் தெரியாமல் ஜப்பானிய எழுத்துகளை வரைந்தார். அன்றைக்குத் திரையில் பெரிதாக்கிக் காட்டியது இதைத்தான். அடுத்த வருடமே, தன் வேலை எல்லாமே ஓரளவுக்கு ஜப்பானியக் கலையின் மேல் நிற்கிறது என்று தம்பிக்குக் கடிதம் போட்டார். திருடுகிறவன் தம்பிக்கு எழுதியா வைப்பான்? இது கொடுக்கல் வாங்கல் என்றேன்.

"1853இல் ஜப்பானின் கதவைத் திறக்கச் சொல்லி அமெரிக்கப் போர்க்கப்பல் பீரங்கியோடு வந்து நின்றதே, அங்கே என்ன கொடுக்கல் வாங்கல்?" என்று கூட்டத்தில் இருந்த ஒரு இளைஞர் கேட்டார். நியாயம்தான். அமெரிக்காவின் பாஸ்டன் அருங்காட்சியகத்தில் ஜப்பானிய அச்சுப் படங்கள் பல்லாயிரக்கணக்கில் கிடப்பதும் எனக்குத் தெரியும். ஆனால் நீலம் அந்தக் கப்பலுக்கு முன்னாலேயே வந்துவிட்டது, தம்பி. 1884இல் சட்டம் படிக்க பாரிஸ் போன ஜப்பானியர் குரோதா செய்கி, ஓவியராகித் தூரிகையோடு திரும்பி வந்தாரே, அவரை எந்தப் பீரங்கி தள்ளியது?

அப்புறம் அந்த இன்னொரு கேள்வி. "நீங்கள் என்ன ஓவிய வரலாறு படித்தவரா?" இல்லை ஐயா. முப்பத்தோரு வருடம் வங்கியில் கடன் பிரிவில் இருந்தவன். எது கடன், எது களவு என்று எனக்குக் கொஞ்சம் தெரியும்.

எட்டாம் வகுப்பில் ஓவியப் போட்டி. பழைய காலண்டர் ஒன்றில் இருந்த இதே அலையைப் பார்த்து, படகுக்குப் பதில் கட்டுமரம் போட்டு வரைந்தேன். "காப்பி" என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தார்கள். முதல் பரிசு வாங்கிய படம் எது தெரியுமா? இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு குடிசை, ஒரு தென்னை. அது மட்டும் சொந்தக் கற்பனையாம்! அதற்கப்புறம் நான் வரையவில்லை. அந்தச் சிவப்பு மைக்காகத்தான் இவ்வளவு கத்துகிறேன் என்று நீங்கள் நினைத்தால், நினைத்துக்கொள்ளுங்கள்.

கருத்து மாறுபாட்டுக்கு நான் வருந்தவில்லை. அந்த ஸ்கிரீன்ஷாட்டுக்குக் கீழே இருநூறு சிரிப்புகள். அதில் ஒன்று இருபது வருட நண்பருடையது. எங்கள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கும் அலைப் படம் அவர் கொடுத்தது. நேற்று அதைக் கழற்றப் போனேன். பின்னால் அவர் கையெழுத்து இருந்தது. திரும்ப மாட்டிவிட்டேன்.