முழங்கை தேய்மானம்: மூட்டு மாற்று ஒன்றுதான் வழியா?

"முழங்கை தேய்ந்தால் செயற்கை மூட்டுதான் ஒரே வழி, பொருத்திவிட்டால் பழையபடி சுமை தூக்கலாம்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. முதல் பாதி தவறு. இரண்டாம் பாதி ஆபத்தானது.

செயற்கை முழங்கை பொருத்தியவர்கள் ஒரே தடவையில் சுமார் 5 கிலோவுக்கு மேலும், திரும்பத் திரும்ப 1 கிலோவுக்கு மேலும் ஆயுள் முழுக்கத் தூக்கக் கூடாது என்பதே வழக்கமான அறிவுரை. மீறினால் எலும்புக்குள் இறக்கியிருக்கும் செயற்கை மூட்டின் தண்டு தளரும், இடையிலுள்ள பிளாஸ்டிக் தேயும். அதனால்தான் இது பெரும்பாலும் கடும் உழைப்பில்லாத முதியவர்களுக்கும் முடக்குவாதத்தால் மூட்டு சிதைந்தவர்களுக்கும் செய்யப்படுகிறது. சுமைதூக்கும் தொழிலாளிக்குப் பொதுவாக இதைப் பரிந்துரைப்பதில்லை.

கையை முழுதாக நீட்டும்போதும் மடக்கும்போதும் மட்டும் வலித்தால், பெரும்பாலும் காரணம் முட்டும் எலும்பு முளைகளும் உதிர்ந்த துணுக்குகளும்தான். ஆர்த்ராஸ்கோப்பி (சிறு துளை வழியாகக் கேமரா செலுத்திச் செய்யும் சிகிச்சை) வழியாகவோ மூட்டைத் திறந்தோ அவற்றைச் செதுக்கி எடுத்து, இறுகிய மூட்டுறையைத் தளர்த்தினால் போதும். கையை நேராக நீட்டிய நிலையை 0 டிகிரி என்று கொண்டால், அன்றாட வேலைக்கு 30 முதல் 130 டிகிரி வரை அசைவு கிடைத்தாலே தாராளம்.

மருத்துவரிடம் ஒன்றைக் கேட்காமல் விடாதீர்கள்: முழங்கைக்கு உட்புறம் ஓடும் அல்நார் நரம்பு. கை 90 டிகிரிகூட மடங்காத நிலையில், நரம்பை விடுவிக்காமல் மூட்டை மட்டும் தளர்த்தினால், பிறகு மடக்கும்போது அந்த நரம்பு இழுபட்டுச் சுண்டுவிரல் மரத்துப்போகலாம்.